அரங்கன் அமர்ந்து கேட்ட உபதேசம்

ஸ்ரீரங்கம் போயிருக்கிறீர்களா? ரங்கா ரங்கா கோபுரம் தாண்டி உள்ளே நடந்தால், கொடிமரத்துக்குப் போகும் வழியில் பிரம்மாண்டமான கருடாழ்வார் கைகூப்பி அமர்ந்திருப்பார். அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தரிசன வரிசையைப் பிடிக்க ஓடுகிறோம். பெரிய திருமண்டபம் என்றும் கருட மண்டபம் என்றும் பெயர் பெற்ற அந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்று பார்க்க நமக்கு நேரமிருப்பதில்லை.

அடுத்த முறை நில்லுங்கள். ஒரு பெரியவர் சொன்ன வியாக்கியானத்தைக் கேட்பதற்காக, நம்பெருமாள் தன் உற்சவங்களையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு, நாச்சிமார்களோடு வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த இடம் அது!

பூஜையும் உபதேசமும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்தவை, கோயிலில் உபதேசிக்கிறவர் எப்படி இருக்க வேண்டும், கேட்கிற நாம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் ஸ்ரீரங்கத்து ஆசார்யர்களைவிட நல்ல பாடம் கிடைக்காது. வைணவக் குடும்பத்துப் பெண்களுக்கு இவற்றில் சில கதைகள் பாட்டி வாயிலாகத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காக முதலிலிருந்தே சொல்கிறேன்.

சாவியும் புராணமும்

ஸ்ரீராமானுஜர் (1017 - 1137 என்பது சம்பிரதாயக் கணக்கு) ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது, கோயில் நிர்வாகம் பெரிய கோயில் நம்பி என்பவர் கையில் இருந்தது. கோயில் சாவி அவரிடம், புரோகிதம் அவரிடம், பெருமாள் முன்பு புராணம் வாசிக்கும் உரிமையும் அவரிடமே. வழிபாட்டு முறைகளைச் சீர்செய்ய ராமானுஜர் முயன்றபோது நம்பி எளிதில் இணங்கவில்லை.

நம்பியின் தாயார் காலமானார். பதினோராம் நாள் ஏகாஹத்துக்கு ஒருவர் உட்கார வேண்டும். பெரிய பண்டிதர்கள் தயங்கும் இடம் அது. பிரேதத்தின் ஸ்தானத்தில் அமர்ந்து உண்ண வேண்டுமே! கூரத்தாழ்வான் போய் உட்கார்ந்தார். சாப்பிட்டு முடிந்ததும் ‘திருப்தியா?’ என்று கேட்பது வழக்கம். ‘திருப்தி’ என்று அவர் வாயால் சொன்னால்தான் கர்மா பூர்த்தியாகும். அவரோ சொல்லவில்லை. நம்பி எது தருவதாகச் சொல்லியும் சொல்லவில்லை. கடைசியில், கோயில் சாவியைக் கொடுத்தால்தான் திருப்தி என்றாராம்!

சாவி வந்தது. கூடவே புரோகிதமும், புராணம் வாசிக்கும் உரிமையும் ஆழ்வானிடம் வந்தன என்று ஸ்ரீரங்கத்து வரலாறான ‘கோயிலொழுகு’ சொல்கிறது. அந்த நம்பிதான் பின்னால் ராமானுஜரிடம் மனம் கரைந்து, திருவரங்கத்தமுதனார் என்று பெயர் பெற்று, ராமானுஜ நூற்றந்தாதி பாடினார்.

இந்தக் கதையில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. சாவி எவ்வளவு பெரிய உரிமையோ, அவ்வளவு பெரிய உரிமையாகப் புராணம் வாசிப்பதையும் கருதியிருக்கிறார்கள். இன்று கோயிலில் உபன்யாசம் என்றால், ‘உற்சவ நாட்களில் பத்து நாள், மாலை வேளையில், பந்தல் போட்டு’ என்றுதானே நினைக்கிறோம்? அந்தக் காலத்தில் அது திருவாராதனத்தின் ஓர் அங்கம். தீபம் காட்டுவது போல, தளிகை சமர்ப்பிப்பது போல, பெருமாளுக்கு அவர் கதையைச் சொல்வதும் ஒரு சமர்ப்பணம்.

அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. கார்த்திகை மாத சுக்லபட்ச ஏகாதசியான கைசிக ஏகாதசி இரவு, நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றும் வைபவம் நடக்கும். அந்த இரவிலேயே, கூரத்தாழ்வானின் குமாரரான பராசர பட்டரின் வம்சத்தவர் கைசிக புராணம் வாசிப்பார். பாடிப் பாடியே பெருமாளைத் துதித்த நம்பாடுவான் என்ற பாணர் குலத்து பக்தரின் கதை அது. தன்னைத் தின்ன வந்த பிரம்மராட்சஸிடம், ‘பெருமாளைப் பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன்’ என்று சத்தியம் செய்து, அப்படியே திரும்பியும் வந்து, தன் பாட்டின் பலனால் அந்த ராட்சஸுக்கே சாபவிமோசனம் தந்தவர். பராசர பட்டர் இதை வாசித்த உருக்கத்தில் மகிழ்ந்து, பெருமாள் அவருக்கு மோட்சத்தையே பரிசாகக் கொடுத்தார் என்பது ஐதீகம். நம்பாடுவானின் ஊரான திருக்குறுங்குடியில் இதே கதையைக் கோயிலுக்குள் நாடகமாக நடிப்பார்கள். நலிந்து போயிருந்த அந்தக் கைசிக நாடகம் 1999-ல் மீண்டும் உயிர் பெற்றது.

வெள்ளத்தில் போன ஓலை

உபதேசிப்பவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர் எப்படிக் கேட்டவர் என்று பார்க்க வேண்டும். நன்றாகக் கேட்காதவர் நன்றாகச் சொல்ல முடியாது.

பட்டரின் சிஷ்யர் நஞ்சீயர். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களுக்கும் ஒன்பதினாயிரப்படி என்ற வியாக்கியானத்தை எழுதினார். (‘படி’ என்பது அரிசி அளக்கும் படி அல்ல. 32 எழுத்து சேர்ந்தது ஒரு படி.) அதை அழகான கையெழுத்தில் பிரதி எடுக்க வேண்டும். நம்பூர் வரதராஜர் என்ற இளைஞரிடம் பொருளை ஒருமுறை முழுக்கச் சொல்லிவிட்டு, ஓலைகளை ஒப்படைத்தார். சொந்த ஊருக்குப் போய் எழுதி வருவதாகக் கிளம்பிய வரதராஜர், காவிரியைக் கடக்க வேண்டியிருந்தது. ஓலைகளைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். திடீரென்று வெள்ளம்! ஓலைக்கட்டு போயே போய்விட்டது.

இருந்தது அந்த ஒரே பிரதிதான். நீங்களோ நானோ என்றால் உட்கார்ந்து அழுதிருப்போம். அவர் வீட்டுக்குப் போனார். குருவின் வாயால் கேட்டதை நினைவிலிருந்தே முழுக்க எழுதினார். இசைவான இடங்களில் தனக்குத் தோன்றிய சில நயங்களையும் சேர்த்தார். நஞ்சீயர் வாங்கிப் பார்த்தார். தன் நூல்தான், ஆனால் தன் நூலைவிடச் சிறப்பாக இருக்கிறது! விசாரித்தபோது வெள்ளத்தில் போன கதை வெளியே வந்தது. குருவுக்குக் கோபம் வரவில்லை. ‘நம்முடைய பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் நம்பிள்ளை.

கோஷ்டியும் ஒரு வீடும்

நம்பிள்ளை உபதேசிக்கத் தொடங்கினார். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்! அவர் உபதேசம் முடிந்து ஜனங்கள் கலைந்து போவதைப் பார்த்து, இது நம்பெருமாளைச் சேவித்து வரும் கோஷ்டியா, நம்பிள்ளையைக் கேட்டு வரும் கோஷ்டியா என்று ஒருவர் வியந்து கேட்டதாகச் சொல்வார்கள். ‘கோஷ்டி’ என்ற சொல்லை நாம் இப்போது சண்டையோடு சேர்த்தே பேசுகிறோம். கோயிலில் அதற்குப் பொருள் வேறு. சேர்ந்து பாசுரம் சொல்பவர்கள், சேர்ந்து கேட்பவர்கள், சேர்ந்து தீர்த்தம் சடாரி பெறுபவர்கள். அந்தத் திருக்கூட்டம்தான் கோஷ்டி.

இன்னொரு சம்பவம், படிக்கும்போதெல்லாம் புன்னகை வரவழைப்பது. நம்பிள்ளை சொல்வதைக் கேட்க, சயனத்தில் இருந்த பெரிய பெருமாளே எழுந்து எட்டிப் பார்த்தாராம். அங்கே திருவிளக்குக் கைங்கர்யம் செய்துகொண்டிருந்த திருவிளக்குப் பிச்சன் என்பவர் அதைப் பார்த்துவிட்டார். ‘நீர் அர்ச்சை வடிவில் இருப்பவர், எழுந்திருக்கக் கூடாது, படுத்துக்கொள்ளும்’ என்ற பாவனையில் பெருமாளைத் திரும்பக் கிடத்திவிட்டாராம்! விளக்குக்கு எண்ணெய் விடுகிறவருக்குப் பெருமாளையே கண்டிக்கும் உரிமை. உபதேசிப்பவர் ஒரு பக்கம் இருக்கட்டும். கோயில் ஒழுங்கு பிசகாமல் பார்த்துக்கொள்ளும் இந்தக் கைங்கர்யபரர்களும் இல்லாவிட்டால் எந்த வழிபாடும் நிற்காது.

கூட்டம் பெருகப் பெருக, நம்பிள்ளையின் வீட்டில் இடம் போதவில்லை. பக்கத்து வீட்டில் ஓர் அம்மையார் இருந்தார். அவரும் நம்பிள்ளையின் சிஷ்யைதான். ‘உங்கள் வீட்டை ஆசார்யனுக்குக் கொடுத்தால் இன்னும் பலர் உட்கார்ந்து கேட்கலாமே’ என்று கூடப் படித்த ஒருவர் கேட்டார். அம்மையார் மறுத்துவிட்டார். ஸ்ரீரங்கத்தில் ஓர் இடம் கிடைப்பது சாதாரணமா? சாகும் வரை இங்கேயே இருப்பேன் என்றார்.

எனக்கு அந்த அம்மையாரை மிகவும் பிடிக்கும். அவர் மறுத்ததில் என்ன தவறு? ஒரு பெண்ணுக்குத் தன் வீடு என்பது வெறும் சுவரா? வீட்டைக் கட்டிக்காத்த ஒவ்வொருவருக்கும் அது புரியும். பிறகு நம்பிள்ளையே கேட்டார். அம்மையார் உடனே ‘ஆகட்டும்’ என்று சொல்லவில்லை. ‘கொடுக்கிறேன். பரமபதத்தில் எனக்கு ஓர் இடம் தருவீர்களா?’ என்றார். பெருமாளிடம் கேட்டுத் தருகிறேன் என்றார் நம்பிள்ளை. ‘நான் ஒன்றும் தெரியாதவள். வாய்ச்சொல் போதாது. எழுதிக் கொடுங்கள்!’ என்றார் அம்மையார். நம்பிள்ளையும் சிரிக்காமல், தட்டிக்கழிக்காமல், ஓலையில் எழிக் கையொப்பம் இட்டுக் கொடுத்தார். அடுத்த மூன்றாம் நாள் அந்த அம்மையார் பரமபதம் அடைந்தார் என்கிறது குருபரம்பரை.

ஒரு பெண் உலகியலாகப் பேரம் பேசினால் பேசட்டும், அந்தப் பேரத்தையும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்த ஆசார்யர் அவர். உபதேசிப்பவருக்கு ஞானம் வேண்டும், குரல்வளம் வேண்டும் என்று பட்டியல் போடுகிறோமே, இந்தக் குணத்தை நான் முதலில் வைப்பேன்.

வாசலில் காத்திருந்தவர்

கந்தாடை தோழப்பர் என்பவர் முதலியாண்டானின் வம்சத்தில் வந்த பெரிய மனிதர். நம்பிள்ளையின் புகழ் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் பெருமாள் சந்நிதியிலேயே, கோஷ்டியின் நடுவே நம்பிள்ளையைக் கடுமையாகப் பேசிவிட்டார். நம்பிள்ளை பதில் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

தோழப்பர் வீட்டுக்கு வந்தார். செய்தி அதற்குள் அவர் மனைவிக்கு எட்டியிருந்தது. அவர் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. பெருமாள் சந்நிதியில் ஒரு மகானை அவமானப்படுத்திவிட்டு வந்தவருக்கு என்னால் என்ன கைங்கர்யம் செய்ய முடியும் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். தோழப்பருக்குச் சுரீரென்றது. தவறு புரிந்தது. மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டு இருட்டில் கதவைத் திறந்தால், வாசலில் ஓர் உருவம். யார்? நம்பிள்ளை! ‘முதலியாண்டான் வம்சத்துப் பெரியவர் மனம் நோகும்படி நடந்துவிட்டேன் போலிருக்கிறது, மன்னிக்க வேண்டும்’ என்று சொல்ல வந்து, கதவைத் தட்டவும் மனமின்றிக் காத்திருந்திருக்கிறார்.

‘நீர் சிலருக்கு மட்டும் ஆசார்யர் என்று இதுவரை நினைத்திருந்தேன், இல்லை, உலகத்துக்கே ஆசார்யர்’ என்று தோழப்பர் சொன்னதால் வந்ததுதான் ‘லோகாசார்யர்’ என்ற பட்டம். அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருந்தவர், பெயர் கூடப் பெரிதாகப் பேசப்படாத ஓர் இல்லத்தரசி.

இரவில் எழுதியவர்

நம்பிள்ளை பகலில் சொன்னதை, வடக்குத் திருவீதிப் பிள்ளை என்ற சிஷ்யர் இரவில் எழுதி வைத்தார். அதுதான் ‘ஈடு’ எனப்படும் முப்பத்தாறாயிரப்படி. எழுத்தை எண்ணினால் பதினொரு லட்சத்துக்கு மேல்! ஓலையும் எழுத்தாணியும் விளக்கு வெளிச்சமும் மட்டும் இருந்த காலம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அனுமதி கேளாமல் எழுதியது என்பதால் நம்பிள்ளை அதை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஈயுண்ணி மாதவர் என்ற சிஷ்யரிடம் கொடுத்தார். அதன் பின் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்று ஒற்றை இழையாகவே வந்தது.

1323-ல் ஸ்ரீரங்கத்தின் மீது படையெடுப்பு. வடக்குத் திருவீதிப் பிள்ளையின் குமாரரான பிள்ளை லோகாசார்யர், தள்ளாத வயதில் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே கிளம்பினார். வழியில் ஜோதிஷ்குடியில் பரமபதித்தார். பெருமாள் ஊர் ஊராகச் சுற்றி, ஸ்ரீரங்கம் திரும்பியது 1371-ல். ஏறக்குறைய 48 ஆண்டுகள்!

நம்பெருமாள் திரும்பிவிட்டார். கதவு திறந்தது, தீபம் எரிந்தது, மணி அடித்தது. ஆனால் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இடையில் இல்லாமல் போய்விட்டதே! சடங்கை ஏற்பாடு செய்து மறுபடி தொடங்கலாம். ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்டு, அவர் இன்னொருவருக்குச் சொல்லும் தொடர்ச்சி அறுந்தால் எங்கே போய் வாங்குவது? நல்ல வேளை, அந்த ஒற்றை இழை அறாமல் ஆழ்வார்திருநகரியில் திருவாய்மொழிப் பிள்ளையிடம் இருந்தது. அவரிடம் ஈடு முழுவதையும் கேட்டவர், 1370-ல் ஐப்பசி மூலத்தில் அவதரித்த மணவாள மாமுனிகள்.

ஓராண்டு உபதேசம்

மாமுனிகள் ஸ்ரீரங்கம் வந்தார். துறவறம் ஏற்றார். 1432-ல், பரிதாபி வருஷ ஆவணியில், பெரிய திருமண்டபத்தில் ஈட்டைக் கொண்டு திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லும்படி நம்பெருமாளே அர்ச்சகர் மூலம் நியமித்ததாகச் சொல்வார்கள். இடையூறு வரக்கூடாது என்பதற்காக உற்சவங்களும் நிறுத்தப்பட்டன.

ஒரு உற்சவம் நின்றால் எத்தனை பேச்சு எழும்? வாகனம் இல்லை, புறப்பாடு இல்லை, வாண வேடிக்கை இல்லை. ஆனாலும் ஊர் வந்து உட்கார்ந்தது. அடுத்த ஆண்டு (1433) பிரமாதீச வருஷ ஆனி மூலத்தில்தான் சாற்றுமுறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 300 நாட்கள், 1102 பாசுரங்கள். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு பாசுரம்தான்! ஈட்டோடு நிற்காமல் மற்ற வியாக்கியானங்களையும் ஒப்பிட்டு, சொல் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். ‘ஒரே நாளில் முழு ராமாயணம்’ என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகம் வரும்.

சாற்றுமுறை நாளில் நடந்ததைச் சொல்லும்போது பெரியவர்களுக்குக் குரல் தழுதழுக்கும். ரங்கநாயகம் என்ற ஐந்து வயது அர்ச்சகச் சிறுவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கைகூப்பி மாமுனிகள் பேரில் ஒரு சுலோகம் சொன்னான். ஓடிப் போய்விட்டான். பிறகு அவனைப் பிடித்துக் கேட்டால் அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வந்தது அரங்கனே என்று கண்டுகொண்டார்கள். அதுதான் ஸ்ரீசைலேச தனியன். தென்கலை சம்பிரதாயக் கோயில்களில் பிரபந்த கோஷ்டி தொடங்கும்போது முதலில் காதில் விழுவது அதுவே.

நாம் எப்படிக் கேட்பது?

காலட்சேபம் வேறு, உபன்யாசம் வேறு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். காலட்சேபம் என்பது ஆசார்யன் முன்பு, பஞ்ச சம்ஸ்காரம் பெற்றவர்கள், புத்தகத்தை வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பாடம் கேட்பது. உபன்யாசம் எல்லோருக்குமானது, கதை வரும், பாட்டு வரும், சில சமயம் அரசியல் நையாண்டியும் வந்துவிடுகிறது! (வராமல் இருந்தால் நல்லது.) உங்களில் பலருக்கு மார்கழியில் முப்பது நாள் திருப்பாவை உபன்யாசம்தான் வசதிப்படும். தாராளமாகக் கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாசுரம் என்ற அளவு, மாமுனிகளின் அளவைவிடவும் நிதானம்தான்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு பழமோ, துளசியோ, கொஞ்சம் புஷ்பமோ போதும். தனியன் சொல்லும் முன்பே போய் உட்கார்ந்துவிடுங்கள். பாதியில் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் கவனமும் சிதறும். குக்கரை வைத்துவிட்டு வந்தேன், பிள்ளை டியூஷனிலிருந்து வந்துவிடுவான் என்ற தவிப்பு இருந்தால், கடைசி வரிசையில் ஓரமாக உட்காருங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. சாற்றுமுறை வரை இருக்க முடிந்தால் இருந்து, தீர்த்தம், சடாரி, பிரசாதம் பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போனதும் கேட்டதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மாமியாரோ, மகளோ, வேலைக்கு வரும் பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி.

கேட்டதை வைத்துக்கொள்வதில் பெண்களை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். திருக்கோளூரில் எதிரே வந்த ராமானுஜரிடம், ‘இன்னார் போல் இதைச் செய்தேனா, இன்னார் போல் அதைச் செய்தேனா, எந்தத் தகுதியில் நான் இந்த ஊரில் இருப்பேன்?’ என்று 81 பேரின் சரித்திரத்தை அடுக்கிய ஓர் அம்மையார் உண்டு. எந்த ஓலையைப் பார்த்தும் அவர் சொல்லவில்லை. அத்தனையும் காதால் கேட்டுச் சேர்த்தது! அவர் வீட்டுக்குப் போய் அவர் கையால் பிரசாதம் வாங்கி உண்டார் ராமானுஜர்.

ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போது தெற்கு உத்திர வீதியில் இருக்கும் மாமுனிகள் சந்நிதிக்கும் போய் வாருங்கள். கூட்டம் இருக்காது; நிதானமாகச் சேவிக்கலாம். ஐப்பசி மூலம் அவருடைய திருநட்சத்திரம். ஆனி மூலம் தனியன் அவதரித்த நாள். மாசி மாதத் தேய்பிறை துவாதசி அவர் பரமபதித்த திதி. தன் ஆசார்யனுக்கு ஒரு சிஷ்யன் செய்ய வேண்டியதை அன்று நம்பெருமாளே செய்வதாக ஐதீகம். பெரிய கோயிலிலிருந்து அர்ச்சகர்களும் அரையர்களும் மரியாதைகளோடு அந்தச் சந்நிதிக்கு வருவார்கள்.